கட்டிக்கு ஒரு பெயர் உண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு பேத்தாலஜிஸ்ட். ஆஸ்பத்திரியில் நீங்கள் முகம் பார்க்காத டாக்டர். எண்டோஸ்கோப்பியில் கிள்ளிய துணுக்கானாலும், ஆபரேஷனில் எடுத்த கட்டியானாலும், "பயாப்சிக்கு அனுப்பியிருக்கோம், ஒரு வாரம் ஆகும்" என்று சொல்வார்களே, அது வந்து சேரும் இடம் எங்கள் லேப். அந்த ஒரு வாரம் வீட்டில் எப்படி நகரும் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அப்படி ஒரு வாரம் வந்துபோயிருக்கிறது.

இன்று நான் பேச வந்திருப்பது ஜிஸ்ட் என்ற கட்டியைப் பற்றி. கேஸ்ட்ரோ இன்டஸ்டைனல் ஸ்ட்ரோமல் டியூமர் என்ற நீளமான பெயரின் சுருக்கம் அது. அபூர்வமான கட்டிதான். 10 லட்சம் பேர் இருக்கும் ஊரில் ஆண்டுக்கு 10 முதல் 15 பேருக்கு வரலாம். பாதிக்கு மேல் இரைப்பையில் வரும், அதற்கடுத்தபடி சிறுகுடலில். இரைப்பையில் கட்டி என்றதும் நாம் கேள்விப்பட்ட இரைப்பைப் புற்றுநோய்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். இது அது இல்லை. பிறக்கும் இடம் வேறு, வைத்தியம் வேறு, பிழைக்கும் கணக்கும் வேறு.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். இரண்டு வருஷமாக அசதி, படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கியிருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போனது. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பது வழக்கம்தான், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கறுப்பில் பாதி, வயிற்றுக்குள் சொட்டுச் சொட்டாகக் கசிந்த ரத்தம். மாத்திரை தின்றும் ரத்தம் ஏறவில்லையே, அது எங்கே போகிறது என்று ஒரு டாக்டர் கேட்ட பிறகுதான் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். இரைப்பைச் சுவரில் வழவழப்பாக ஒரு மேடு. மேலே தோல் போன்ற படலம் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. அதிலிருந்து கிள்ளி அனுப்பினார்கள். நான் பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை, அப்படியே எழுதினேன்.

அந்த ரிப்போர்ட் தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருந்தால் தப்பாகியிருக்கும். ஜிஸ்ட் உள்படலத்தில் முளைப்பதில்லை, அதற்குக் கீழே தசைச் சுவரில் முளைக்கிறது. பூசின சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் செங்கல் எப்படி என்று சொல்ல முடியுமா? நல்லவேளை, எண்டோஸ்கோப்பி செய்தவர் விவரமானவர். எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்த கருவி ஒன்று உண்டு. அதில் பார்த்து, ஊசி செருகி, கட்டிக்குள்ளிருந்தே சாம்பிள் எடுத்து அனுப்பினார்.

இந்த முறை ஸ்லைடில் வேறு காட்சி. நீள நீளமான செல்கள், கோரைப்பாய் முடைந்த மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடின. இதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. தசைக் கட்டி, நரம்புக் கட்டி எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதனால் சிடி 117 என்று ஒரு விசேஷச் சாயம் போட்டோம். மறுநாள் எடுத்துப் பார்த்தால், செல்கள் அத்தனையும் காப்பித்தூள் நிறம். டாக் 1 என்ற இன்னொரு சாயமும் பிடித்தது. பெயர் உறுதியாகிவிட்டது.

பெயரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் படித்த காலத்துப் புத்தகங்களில் இந்தக் கட்டிகளைத் தசைக் கட்டி வகையில்தான் சேர்த்திருந்தார்கள். அந்தப் பெயரை நம்பிக் கீமோதெரபி கொடுத்தார்கள். நூறு பேருக்குக் கொடுத்தால் ஐந்து பேருக்குக்கூடக் கட்டி சுருங்கவில்லை. ஆபரேஷன் செய்து எடுக்க முடிந்தவர்களுக்குச் சரி, ஈரலுக்குப் பரவிவிட்டவர்களுக்கு வழியே இல்லாமல் இருந்தது.

1998-ல் ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஹிரோட்டா, கிட்டாமுரா என்ற பேத்தாலஜிஸ்டுகளும் அவர்களுடன் இருந்தவர்களும் இந்தப் பெயரைத் திருத்தினார்கள். நம் குடல் சுவருக்குள் காஹால் செல்கள் என்று உண்டு. ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரமோன் இ காஹால் பெயரால் அழைக்கப்படுபவை. இரைப்பை நிமிடத்துக்கு 3 முறை சுருங்கி விரிகிறது, சிறுகுடலின் தொடக்கத்தில் ஏறக்குறைய 12 முறை. அந்தத் தாளத்தைப் போடுவது இந்தச் செல்கள்தான். ஜிஸ்ட் இவற்றின் இனத்தில் பிறந்த கட்டி என்று ஒசாகாக்காரர்கள் காட்டினார்கள். இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். இந்தச் செல்லின் மேல் கிட் என்று ஒரு புரதம் இருக்கிறது. வாசலில் இருக்கும் காலிங் பெல் பொத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து ஒருவர் அமுக்கினால்தான் மணி அடிக்க வேண்டும். ஜிஸ்டில் அந்தப் பொத்தான் அமுங்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது. யாரும் வராமலே மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. 'வளரு, பெருகு' என்பதுதான் அந்த மணியின் சேதி. நாங்கள் போடும் சிடி 117 சாயம் ஒட்டிக்கொள்வதும் இந்தக் கிட் மேலேயேதான்.

அந்தச் சமயத்தில் ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்காக இமாட்டினிப் என்ற மருந்து பரிசோதனையில் இருந்தது. அது கிட்டையும் அடக்கும் என்று தெரிந்தது. பொத்தானுக்குச் சக்தி வந்து சேரும் குழியில் போய் இது உட்கார்ந்துகொள்கிறது, மணி நின்றுவிடுகிறது. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், ஐம்பது வயதான ஒரு பெண்ணுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்தும் ஈரல் முழுக்கக் கட்டி பரவியிருந்தவர். சில வாரங்களிலேயே கட்டிகள் அடங்கத் தொடங்கின. மாதங்கள் போகப்போக முக்கால் பங்கு சுருங்கிவிட்டன. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய அந்தக் கட்டுரை 2001-ல் வெளிவந்தது. 2002 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஜிஸ்டுக்கு இமாட்டினிப் கொடுக்க அனுமதி கிடைத்தது. அந்தக் கட்டுரையைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பழைய அலமாரியிலிருந்து எங்கள் ஸ்லைடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, 'இவர்களில் எத்தனை பேருக்கு இந்த மாத்திரை உதவியிருக்கும்' என்று யோசித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மருந்து வந்தால் போதுமா, வாங்க முடிய வேண்டுமே. இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998-ல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006-ல் சென்னை அலுவலகம் மறுத்தது. வழக்கு மேலே மேலே போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அப்போது அந்த நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு 1,20,000 ரூபாய் என்றும், இந்தியக் கம்பெனிகள் தயாரித்தது 10,000 ரூபாய்க்குள் என்றும் பத்திரிகைகள் எழுதின. பத்து மடங்குக்கும் மேலான வித்தியாசம். நம் ஊரில் ஒரு விவசாயக் குடும்பம் இந்த வைத்தியத்தைத் தொடர முடிகிறது என்றால் அதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

சரி, அந்த அம்மாவிடம் வருவோம். ஆபரேஷனில் கட்டியை முழுசாக எடுத்தார்கள். ஜிஸ்ட் ஆபரேஷனில் முக்கியம், கட்டி உடையக் கூடாது. மெல்லிய உறை ஒன்றுதான் அதைச் சுற்றி இருக்கும். அது கிழிந்தால் செல்கள் வயிறெங்கும் சிந்திவிடும். நிணநீர் முடிச்சுகளுக்கு இது அவ்வளவாகப் பரவாது, அதனால் பெரும்பாலும் இரைப்பை முழுவதையும் எடுக்கத் தேவையில்லை, கட்டி இருக்கும் பகுதியை மட்டும் எடுத்தால் போதும். எங்கள் மேசைக்கு வந்தபோது ஒரு பெரிய கொய்யாக்காய் அளவு இருந்தது. 7 சென்டிமீட்டர். வெட்டினேன், நடுவில் ரத்தம் கட்டி இளகியிருந்தது.

அப்புறம் எண்ணும் வேலை. 5 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எத்தனை செல்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எண்ணுவோம். இரைப்பையில் 5 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டி, பிரியும் செல் 5-க்கு மேல் இல்லை என்றால், நூற்றில் இரண்டு பேருக்குத்தான் பரவுகிறது. அதுவே 10 சென்டிமீட்டருக்கு மேல், பிரியும் செல்லும் 5-க்கு மேல் என்றால் நூற்றில் எண்பத்தைந்து பேரைத் தாண்டிவிடும். மாத்திரை வருவதற்கு முந்தைய கால நோயாளிகளின் கணக்கு இது. சிறுகுடலில் வந்தால், இதே அளவுள்ள கட்டிக்கும் ஆபத்து கூடுதல். ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: எந்த இடம், எவ்வளவு பெரிது, எத்தனை செல் பிரிகிறது. கட்டி உடைந்திருந்தால் அதுவும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அம்மாவுக்கு ஆபத்து அதிகம் என்று கணக்கு வந்தது. இமாட்டினிப் மாத்திரை தினமும் 400 மில்லிகிராம், மூன்று வருஷம். சாப்பாட்டோடு, ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு. காலையில் கண் இமை வீங்கும், கெண்டைக்கால் பிடிக்கும், வயிற்றைப் புரட்டும். "கண்ணாடி பார்த்தா அழுத மூஞ்சி மாதிரி இருக்கு" என்று அவர் டாக்டரிடம் சொன்னாராம். தொந்தரவு இருந்தால் சொல்ல வேண்டும், அதற்கு வழி இருக்கிறது. தானாக நிறுத்துவதுதான் கூடாது. ஒரு வருஷம் மாத்திரை எடுத்தவர்களையும் மூன்று வருஷம் எடுத்தவர்களையும் ஒப்பிட்டு 2012-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஐந்து வருஷத்துக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் ஒரு வருஷக்காரர்களில் நூற்றுக்கு 82, மூன்று வருஷக்காரர்களில் 92. ஏற்கெனவே பரவியவர்களுக்கோ, மருந்து பலன் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை வருஷக் கணக்கே இல்லாமல் தொடர வேண்டும். ஸ்கேன் சுத்தமாக வந்துவிட்டது என்று ஒருவர் தானாகவே நிறுத்தினார். எட்டு மாதத்தில் அவருடைய ஈரல் பயாப்சி என் மேசைக்கு வந்தது. பெயரைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. அதை எழுதக் கை வரவில்லை.

இன்னொரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். பரவிய கட்டிக்கு மாத்திரை ஆரம்பித்து முதல் ஸ்கேனில் கட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரியலாம். உள்ளே செல்கள் செத்து நீர் கோத்திருக்கும். சிடி ஸ்கேனில் கட்டியின் அடர்த்தி குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அளவை மட்டும் பார்த்துவிட்டு 'பலனில்லை' என்று முடிவு கட்ட வேண்டாம்.

எல்லா ஜிஸ்டும் இந்த மாத்திரைக்குக் கட்டுப்படுவதில்லை என்பதும் உண்மை. கிட் மரபணுவில் கோளாறு எந்த இடத்தில் என்பதைப் பொறுத்துச் சிலருக்கு 800 மில்லிகிராம் தேவைப்படும். வேறொரு மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இமாட்டினிப் பயன்படாது. அவர்களுக்கென்று அவாப்ரிட்டினிப் என்ற மருந்து 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதை அறிய மரபணுச் சோதனை வேண்டும். அதற்கு மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை. உங்கள் கட்டியின் துண்டை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சிறிய வில்லையாக லேபில் வைத்திருப்போம். கேட்டால் கிடைக்கும்.

அந்த அம்மாவும் அதை வாங்கத்தான் ஒருநாள் எங்கள் லேபுக்கு வந்தார். அவரை நான் நேரில் பார்த்தது அன்றுதான். "என் கட்டியை நீங்கதான் பார்த்தீங்களா டாக்டர், நானும் பார்க்கலாமா?" என்றார். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது பேரு எனக்கு வாய்ல நுழைய மாட்டேங்குது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டற மாதிரி தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றார். ஒரு சீட்டில் ஜிஸ்ட் என்று பெரிதாக எழுதி, கீழே இரைப்பை, 7 சென்டிமீட்டர், சிடி 117 பாசிட்டிவ் என்றும் எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார்.

வணக்கம்.