கூடலூர் ஏன் தமிழ்நாட்டில் இருக்கிறது?

[காட்சி: தாளூர் சோதனைச் சாவடி, வரிசையில் ஜீப்புகள்]

நீலகிரி மாவட்டத்தில், கூடலூரை ஒட்டிய பந்தலூர் தாலுகாவின் ஓரத்தில் இருக்கிறது தாளூர். சாவடியைத் தாண்டினால் வயநாடு. இந்தப் பக்கமும் தேயிலை, காபி, குறுமிளகு. அந்தப் பக்கமும் அதேதான். பேச்சிலும் தமிழும் மலையாளமும் கலந்தே கிடக்கும். பிறகு எதற்கு இங்கே மாநில எல்லை?

[காட்சி: பழைய சென்னை மாகாண வரைபடம்]

நீலகிரி முதலில் தனி மாவட்டம் இல்லை. 1868-இல்தான் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து ஒரு கமிஷனரிடம் கொடுத்தார்கள். கூடலூரும் பந்தலூரும் அப்போது மலபாரில், தென்கிழக்கு வயநாடு என்ற பெயரில் இருந்தன. 1877-இல் அந்தப் பகுதி நீலகிரிக்கு மாற்றப்பட்டது. மலபாரும் நீலகிரியும் ஒரே மாகாணம் என்பதால், அலமாரியில் ஒரு தட்டில் இருந்த ஃபைலை அடுத்த தட்டில் வைத்த மாதிரிதான்.

வினை 79 ஆண்டு கழித்து வந்தது. 1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது, தீவுகள் நீங்கலாக மலபார் மாவட்டம் கேரளாவுக்குப் போனது. கூடலூர் அப்போது நீலகிரிக் கணக்கில் இருந்ததால் இங்கேயே தங்கிவிட்டது.

[காட்சி: கொடைக்கானல் ஏரி]

சரி, எல்லாக் கோடும் இவ்வளவு கனமா? இல்லை. மாவட்ட எல்லையை மாநில அரசே மாற்றிக்கொள்ளலாம். கொடைக்கானல் 1985 வரை மதுரை மாவட்டம், அப்புறம் திண்டுக்கல். மனு கொடுக்கப் போகிற ஊர் மாறியது, அவ்வளவுதான். மாநில எல்லை என்றால் அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவுப்படி நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்பார்கள். அது வேண்டாம் என்றாலும் சட்டம் நிறைவேறலாம். எனக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

[காட்சி: கூடலூர் தாலுகா அலுவலகம், கையில் மனுவோடு ஆட்கள்]

மாவட்டம் மாறினாலும் மண்ணோடு ஒட்டிய பழைய உரிமை மாறவில்லை. கூடலூர் நிலங்கள் மலபார் வழக்கப்படி ஜன்மம் நிலங்கள், அதாவது பரம்பரை ஜமீன் உரிமை மாதிரி; பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. அந்த ஜன்மம் உரிமையை ஒழிக்கத் தமிழ்நாடு 1969-இல் கூடலூருக்கென்றே தனிச் சட்டம் போட்டது. அதில் தோட்டக் குத்தகைகளைப் பற்றிய 17-ஆவது பிரிவு இன்னும் தீராத தலைவலி. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. கூடலூர் டீக்கடையில் "செக்ஷன் 17" என்று சொல்லிப் பாருங்கள், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பட்டா எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள்.