எந்தப் படத்துக்கு ஆணி அடிப்பது?

(வெள்ளவத்தையில், படம் எடுப்பதில் ஆர்வமுள்ள நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது. பேச்சின் போக்கை மாற்றாமல், வாசிக்க வசதியாகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே இருக்கும் அநேகமானவர்களின் போனில் சில ஆயிரம் படங்களாவது இருக்கும். சிலரிடம் நல்ல கமராவும் இரண்டு மூன்று லென்ஸும் இருக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டு ஹோலில் வந்து உட்கார்ந்தால் சுவரில் தெரிவது கல்யாணப் படம், பிள்ளையின் பட்டமளிப்புப் படம், நகைக்கடை தந்த கலண்டர். நீங்களே எடுத்த படம் ஒன்றைக் காண்பது அரிது. ஏன் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். "எதைப் போடுறது எண்டு தெரியேல்லை" என்பார்கள். அல்லது, "சுவரிலை போடுற அளவுக்கு ஒண்டும் இல்லை" என்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எடுப்பதற்குப் பழகியிருக்கிறோம், எடுத்ததைப் பார்ப்பதற்குப் பழகவில்லை.

தொடங்குமுன் ஒருவகைப் படத்தை மட்டும் இந்தப் பேச்சிலிருந்து விலக்கி வைக்கிறேன். நம்முடைய பல வீடுகளில், அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி மாட்டியிருப்பார்கள். முகம் மங்கலாக இருக்கும், பின்னால் ஒரு நீலம் பூசியிருக்கும், சிலவேளை உயிரோடு இருந்தபோது அவர் ஒருநாளும் போடாத கோட் ஒன்றையும் போட்டுவிட்டிருப்பார்கள். 1983 ஜூலையில் இந்த நகரத்தில் வீடுகள் எரிந்தபோது அல்பங்களும் சேர்ந்து எரிந்தன. பிறகு வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்தவர்கள் எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க நேரமில்லாமல் ஓடினார்கள். அப்படி மிஞ்சிய ஒரு படத்துக்கு வெளிச்சம் சரியா, குவியம் சரியா என்று புள்ளி போட யாருக்கும் உரிமை இல்லை. அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

நான் பேச வந்தது, ஆசையோடு கமராவைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்துவந்த படங்களைப் பற்றி.

அவற்றை மதிப்பிடுவதில் நம்மை மிகவும் ஏமாற்றுவது நம்முடைய நினைவுதான். சிவனொளிபாதமலையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுச்சாமத்தில் நல்லதண்ணியில் தொடங்கி, ஆயிரக்கணக்கான படிகள் ஏறி, குளிரில் நடுங்கி, 2,243 மீற்றர் உயரத்தில் நின்று சூரியன் எழும்புவதை ஒருவர் எடுக்கிறார். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பார்க்கும்போது அவருக்கு முழங்கால் வலியும், கூட வந்தவர்களின் பகிடியும், உச்சியில் அடித்த மணியும் சேர்ந்தே தெரிகின்றன. படத்தில் இருப்பதோ ஒரு செம்மஞ்சள் கோடும், முன்னால் நிற்பவர்களின் கறுப்புத் தலைகளும் மட்டும்தான். ஏறிய படிகள் படத்தில் இல்லை. விருந்தாளி "ம்… வடிவா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிப்பார். உடனே நமக்குப் பக்கத்தில் போய் நின்று கதை சொல்ல வேண்டும் போல் இருக்கும்.

கதை சொல்வது பிழை இல்லை. ஆனால் அதற்குரிய இடம் அல்பம். அல்பத்தை மடியில் வைத்துத் திருப்பும்போது சொல்பவரும் கூடவே இருக்கிறார். சுவருக்குப் பக்கத்தில் நாள் முழுக்க யாரும் காவல் நிற்பதில்லை. நாம் அறையில் இல்லாதபோதும் அந்தப் படம் தன்னுடைய வேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே பயணத்தில், பாதி வழியில், தேநீர்க் கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு தாய் பிள்ளையைத் துவாயால் மூடி வாங்கிலேயே உட்கார்ந்தபடி நித்திரையாகியிருக்கலாம். போகிற போக்கில் அதையும் ஒன்று எடுத்திருப்பீர்கள். அதற்காக நீங்கள் ஒரு சிரமமும் படவில்லை, அதனால் உங்களுக்கு அதன்மேல் மதிப்பும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு படத்தையும் பார்த்தால், இதற்கு முன்னால்தான் நிற்பார்.

நினைவை எப்படிக் கழற்றி வைப்பது? அமெரிக்காவில் தெருக்களைப் படம் எடுத்த காரி வினோகிராண்ட் என்பவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எடுத்த பிலிமை உடனே கழுவமாட்டார். வேண்டுமென்றே ஒரு வருடம், சிலவேளை அதற்கும் மேலே, அப்படியே வைத்திருப்பார். எடுத்த நாளின் சந்தோஷம் கண்ணை மறைத்துவிடும் என்பது அவருடைய கணக்கு. எல்லாம் மறந்த பிறகு, வேறு யாரோ எடுத்த படம்போல அதைப் பார்ப்பார். இதற்கும் ஒரு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1984இல் அவர் இறந்தபோது கழுவாத பிலிம் றோல்கள் மட்டும் ஏறக்குறைய 2,500 கிடந்தன. எடுப்பது ஒரு மனிதரைத் தெரிவு செய்ய விடாமல் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம்முடைய போன்களும் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

சரி, ஒரு வருடம் பொறுக்க வேண்டாம். ஆறு மாதம் போதும். பயணம் முடிந்த அன்று இரவே தெரிவு செய்யாதீர்கள் என்பதுதான் விஷயம்.

தெரிவு என்று வந்தால் நம்மூரில் பிறந்த ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனந்த குமாரசுவாமி 1877இல் இந்தக் கொழும்பில் பிறந்தவர். நடராசர் பற்றியும் சிங்களக் கலைகள் பற்றியும் அவர் எழுதியதை நாம் கொண்டாடுகிறோம். படக்கலைக்கு அவர் செய்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோது, ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற அமெரிக்கப் படக்கலைஞரின் படங்களை அந்த அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவர முன்நின்றவர் அவர்தான். புகைப்படத்தைக் கலை என்று சொன்னால் பலர் சிரித்த காலம் அது. 1924இல் ஸ்டீக்லிட்ஸ் கொடுத்தவை 27 படங்கள். நாற்பது வருடம் படம் எடுத்த மனிதர், தன்னிடமிருந்து ஒரு பெரிய இடத்துக்குப் போனது 27 என்றால், நம்முடைய ஒரு சுற்றுலாவிலிருந்து எத்தனை தேறும் என்று யோசித்துப் பாருங்கள். ரொபர்ட் பிராங் என்ற படக்கலைஞர் 1950களில் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி 27,000க்கும் மேல் எடுத்து, தன் புத்தகத்தில் வைத்தது 83 படம். பெரியவர்கள் நிறைய எறிந்திருக்கிறார்கள். நாம்தான் எறிய மனமில்லாமல் இருக்கிறோம்.

லயனல் வென்ட்டின் விஷயம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. நாடகம் பார்க்கவும் கண்காட்சி பார்க்கவும் நாம் போகும் லயனல் வென்ட் அரங்கு அவருடைய பெயரில்தான் நிற்கிறது. சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர், இந்த நாட்டு மனிதர்களையும் கடலையும் கல்லையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 1944இல், நாற்பத்து நான்கு வயதில் இறந்துபோனார். பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. ஆகவே இன்று நாம் வென்ட் என்று பார்ப்பது பெரும்பாலும் அவரே தேர்ந்து, இருட்டறையில் நின்று அச்சிட்டு வைத்த படங்களைத்தான். அச்சில் ஏறாதவை போயின. ஹார்ட் டிஸ்கில் எல்லாம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

இனி, எந்தப் படம் சுவரில் நிலைக்கும்? ஒரே பார்வையில் முடிந்துபோகாத படம் நிலைக்கும். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், மற்றதெல்லாம் சுற்றி வருவதுதான்.

காலிமுகத் திடலில் சூரியன் மறைவதை எடுக்காதவர் இந்தச் சபையில் யாரும் இருக்கமாட்டார். நிறம் அள்ளும். போனில் போட்டால் அரை மணித்தியாலத்தில் நூறு விருப்பம் விழும். உள்ளங்கை அளவு திரையில், ஒரு விநாடியில் பார்த்துவிட்டுப் போகிற இடத்தில் நிறம்தான் வெல்லும். அதையே பெரிதாக்கி ஹோலில் மாட்டுங்கள். இரண்டாம் வாரம் அது சுவரின் பெயின்ட் மாதிரி ஆகிவிடும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதே மாலையில் திடலின் மறுபக்கம் திரும்பியிருந்தால், இறால் வடை வண்டிக்காரர் அந்த மஞ்சள் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழ மிச்சக் காசு எண்ணிக்கொண்டிருப்பார். காசு வாங்க நீட்டிய கை மட்டும் படத்துக்குள் வந்திருக்கும், ஆள் வெளியே. பின்னால் ஒரு பட்டம் பாதி தெரியும். அந்தக் கை யாருடையது என்று ஒருநாள் யோசிப்பீர்கள். எண்ணுகிற முகத்தில் இருப்பது களைப்பா, கவனமா என்று இன்னொரு நாள். இப்படி ஏதாவது ஒன்று முடியாமல் இருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கக் கெட்டித்தனம் தேவையில்லை. பிடித்த பத்துப் பதினைந்தை சாதாரண 4க்கு 6 அளவில் அச்சிடுங்கள். செலவு பெரிதில்லை. குளிரூட்டிப் பெட்டியின் கதவிலோ அலுமாரியிலோ ஒட்டிவிட்டு உங்கள் பாட்டில் வாழுங்கள். ஒரு மாதத்தில் சில படங்கள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். தண்ணீர் எடுக்கப் போகும்போது ஒன்றிரண்டு மட்டும் உங்களை ஒரு நிமிடம் நிறுத்தும். வீட்டில் மற்றவர்களிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். அன்பினால் பொய் சொல்லிவிடுவார்கள். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் படத்தைத் தலைகீழாக ஒட்டிப் பாருங்கள். முகமும் பெயரும் மறைந்து, வெளிச்சமும் இருட்டும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது அப்போது தெரியும்.

முகங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நேர்பார்வை, கறுப்பு வெள்ளை, பெரிய பிரேம், சுவரின் நடுவே தனியாக — இப்படி ஒரு முகத்தை மாட்டினால், கலைக்கூடத்தில் அது ஒரு ஓவியம்போல நிற்கும். தமிழ் வீட்டில் மாலையும் சிவப்பு மின்குமிழும் மட்டும்தான் குறை. மாமாவை அருமையாக எடுத்து அப்படி மாட்டிய ஒருவரிடம் மாமா கேட்டாராம்: "ஏன் தம்பி, என்னை இப்பவே அனுப்பிப்போட்டியா?" ஆகவே உயிரோடு இருப்பவர்களைச் சுவரில் போடுவதென்றால் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது எடுத்ததைப் போடுங்கள். பேப்பர் வாசிக்கும் மாமா, கீரை ஆயும் அம்மம்மா. படமும் அப்போதுதான் நன்றாக இருக்கும். தெரியாதவர்களின் முகம் என்றால் இன்னொரு கேள்வி: உங்கள் முகம் யாரோ ஒருவருடைய ஹோலில் இப்படித் தொங்குவது உங்களுக்குச் சம்மதமா? பிச்சை எடுக்கும் முதியவரின் சுருக்கங்களை 20 அங்குலத்தில் சோபாவுக்கு மேல் மாட்டுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. படம் எவ்வளவு திறமாக இருந்தாலும் சரி.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சுவர் உங்களுடையது மட்டும் இல்லை. மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைக்கோ தினமும் பார்க்கப் பிடிக்காத ஒன்றை, கலை என்ற பெயரில் அவர்கள்மேல் சுமத்த வேண்டாம். நம்முடைய தொடர்மாடி வீடுகளுக்கு இரண்டு மூன்று படமே தாராளம்.

அப்புறம் சில தொழில்நுட்ப விஷயங்கள், சுருக்கமாக. ஸ்டூடியோவுக்குப் படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். அது நீளப்பக்கத்தை 1,600 புள்ளி அளவுக்குச் சுருக்கிவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பார்த்தால் ஐந்து அங்குலத்துக்குத்தான் அது காணும். 12 மெகாபிக்சல் போனின் மூலப்படம் அதே கணக்கில் 13க்கு 10 அங்குலம் வரை தாராளமாகப் போகும். ஆகவே மூலக் கோப்பையே டொக்கியுமென்டாக அனுப்புங்கள். திரை ஒளியை வீசுகிறது, தாள் அறையின் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. அதனால் அச்சு எப்போதும் கொஞ்சம் இருட்டாகவே தெரியும், அனுப்புமுன் சற்று வெளிச்சம் கூட்டுங்கள். பிரேமை வாங்கிவிட்டு அதற்குப் படம் தேடாதீர்கள். 8க்கு 10 பிரேமுக்குள் கமராப் படத்தை நுழைத்தால் யாருடைய காலோ தலையோ போகும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம், ரயில்பாதையை அண்டி இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றும் ஈரமும் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துவிடும், பிறகு கழற்றினால் உரிந்துதான் வரும். இடையில் மவுண்ட் அட்டை, அதாவது படம் தெரிய நடுவே வெட்டிய தடித்த அட்டை, வைத்தால் கண்ணாடி படத்தைத் தொடாது. மேற்குப் பார்த்த ஜன்னலின் வெயில் நேரே விழும் சுவரும், குளியலறைக்குப் பின்சுவரும் வேண்டாம்.

வாடகை வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார் என்று இங்கே ஒருவர் முன்னமே சொன்னார். புத்தக அலுமாரியின் மேல்தட்டில் சாய்த்து வையுங்கள். அதில் ஒரு வசதியும் இருக்கிறது, நினைத்தபோது மாற்றலாம். சலித்துப்போனதை இறக்குவதற்கு யோசிக்க வேண்டியதில்லை. இறக்கியதை நிமிர்த்தி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். இடத்தையும் ஆண்டையும் மவுண்ட் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். படத்தின் முதுகிலேயே பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் முன்பக்கத்தில் தெரியும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கையில் பிரதிகளோடு வந்திருப்பவர்கள் மேசைக்கு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.