காவலுக்கு வந்தவர்களும் கணக்குக் கேட்க முடியாத மக்களும்

அவையோருக்கு என் வணக்கம். ஆப்பிரிக்காவில் அந்நியத் தலையீடு என்று பொதுப்படையாகப் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும் என்பதால், மாலி என்ற ஒரு நாட்டையே பெரிதும் எடுத்துக்கொள்கிறேன்.

2011-இல் நேட்டோவின் குண்டுவீச்சுத் துணையோடு லிபியாவில் கடாபியின் ஆட்சி வீழ்த்தப்பட்டபோது, அவருடைய படையில் பணியாற்றிய துவாரெக் என்ற சகாரா பாலைவன இனத்து வீரர்கள் ஆயுதங்களோடு மாலியின் வடபகுதிக்குத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டே கிளர்ச்சி மூண்டது. ஜிகாதிக் குழுக்கள் திம்பக்டு உள்ளிட்ட நகரங்களைக் கைப்பற்றின. 2013 ஜனவரியில் பிரான்ஸ் படை இறக்கி அவற்றை மீட்டது. பிப்ரவரியில் பிரெஞ்சு அதிபர் ஒலாந்து திம்பக்டுவுக்குச் சென்றபோது மக்கள் பிரெஞ்சுக் கொடிகளை அசைத்து வரவேற்றார்கள். அந்த நன்றியை நாம் மறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் படை தங்கிவிட்டது. வன்முறையோ நடு மாலிக்கும், பர்கினா பாசோவுக்கும், நைஜருக்கும் பரவியது. ஜிகாதிக் குழுக்களோடு பேசிப் பார்க்கலாம் என்று 2019-இல் மாலியின் தேசிய உரையாடல் மாநாடே பரிந்துரைத்த பிறகும், பாரிஸ் அதை வெளிப்படையாக எதிர்த்தது. யாருடைய பிள்ளைகள் சாகிறார்களோ அவர்கள் எடுத்த முடிவுக்குக்கூட வேறொரு தலைநகரத்தின் இசைவு வேண்டியிருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. 2021 ஏப்ரலில் சாட் நாட்டின் அதிபர் டெபி இறந்ததும், அரசியல் சட்டத்தை ஒதுக்கிவிட்டு அவர் மகன் ராணுவக் குழுவின் பெயரால் ஆட்சியை எடுத்துக்கொண்டார். இறுதிச் சடங்கில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அந்த மகனின் அருகில் அமர்ந்திருந்தார். மறுமாதம் மாலியில் ராணுவ அதிகாரி கர்னல் கொய்ட்டா இரண்டாம் முறை ஆட்சியைக் கவிழ்த்தபோது, அதே பிரான்ஸ் ஜனநாயகத்தின் பெயரால் கூட்டு ராணுவ நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. இந்த ஓரவஞ்சனையைப் பார்த்த இளைஞர்கள் மாலியின் தலைநகர் பமாகோ வீதிகளில் ரஷ்யக் கொடியை ஏந்தியதில் வியப்பில்லை.

கொடி மாறியது, மக்களின் நிலை மாறவில்லை. 2021 இறுதியில் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை வந்து சேர்ந்தது. 2022 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை, நடு மாலியின் மூரா கிராமத்தில் சந்தை கூடும் நாள். ஹெலிகாப்டர்கள் சந்தைக்கு மேல் வந்து சுட்டன. பிறகு மாலி ராணுவத்தினரும் வெளிநாட்டுப் படையாட்களும் ஊரை வளைத்துக்கொண்டு, நாட்கணக்கில் ஆட்களைப் பிரித்தெடுத்துக் கொன்றார்கள். குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. கொல்லப்பட்டவர்கள் தீவிரவாதிகளே என்றது மாலி அரசு. அடுத்த மாதமே அந்த அரசு, ஐ.நா. அமைதிப்படையை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. ஆகஸ்டில், ஐ.நா. பாதுகாப்பு அவையில், மாலி மீதான தடைகளையும் ஐ.நா. நிபுணர் குழுவின் கண்காணிப்பையும் நீட்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யா தன் வீட்டோவால் வீழ்த்தியது. பிரான்ஸ் கூட்டாளிகளைத் தேர்ந்து கண்டித்தது என்றால், ரஷ்யா கேள்வி கேட்கும் வாயையே அடைத்தது.

மாலியின் ராணுவ ஆட்சி 2022 பிப்ரவரியில் நடத்துவதாகச் சொன்ன தேர்தல் நடக்கவில்லை. 2024-க்குத் தள்ளிவைத்ததும் நடக்கவில்லை. 2025 மே மாதம் எல்லா அரசியல் கட்சிகளும் கலைக்கப்பட்டன. ஜூலையில் கொய்ட்டாவுக்குத் தேர்தலே இன்றி ஐந்தாண்டுப் பதவிக்காலம் வழங்கப்பட்டது, அதையும் புதுப்பித்துக்கொள்ளலாம். வழங்கிய இடைக்கால அவையின் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்கள். மூராவில் கணவனை இழந்த ஒரு பெண் நீதி கேட்டுப் போக, அவள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் ஒருவர்கூட அங்கே இல்லை.