இரும்பை விட வேகமாகத் துருப்பிடிக்கும் ஜன்னல்! அதைத்தான் வாங்கச் சொல்கிறேன்

(காட்சி: கடற்கரைத் தெரு, துருவேறிய கம்பி ஜன்னல்)

வணக்கம். "அலுமினியம் துருவே பிடிக்காது சார்" என்று கடையில் சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். காற்று பட்ட அந்த நொடியே பிடிக்கும், இரும்பை விட வேகமாக. ஆனாலும் கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு அலுமினிய ஜன்னலைத்தான் சொல்வேன்.

திருவான்மியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி எங்கள் சித்தி வீடு. ஐப்பசி மழை தொடங்கினால் பின்கட்டு மர ஜன்னல் ஊதிக்கொள்ளும், சாத்தவே முடியாது. கீழ்ச்சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டது. முன்பக்க இரும்பு ஜன்னலில் துரு உப்பி, ஓரத்துச் சிமெண்ட் பூச்சையே பெயர்த்துத் தள்ளிவிட்டது. இரும்பின் துரு, தான் தின்ற இரும்பை விட அதிக இடம் கேட்கும். பொருக்காக உதிரும், அடியில் இருக்கும் புது இரும்பு மறுபடி காற்றைப் பார்க்கும். அப்படியே போய்க்கொண்டிருக்கும்.

அலுமினியத்தின் துரு வேறு ஜாதி. அலுமினியம் ஆக்சைடு என்று பெயர். சில நானோமீட்டர் கனம்தான். ஒரு தலைமுடியின் கனத்துக்குள் பத்தாயிரம் படலம் அடுக்கலாம். அது உதிராமல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். சாவியால் கீறினால், கீறிய இடத்தில் உடனே புதுப் படலம் வந்துவிடும். அதைத் தாண்டிக் காற்று உள்ளே போக முடியாது. அனோடைஸிங் என்று சொல்கிறார்களே, அது இதே படலத்தை அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி, ஆயிரக்கணக்கான மடங்கு தடிமனாக வளர்ப்பதுதான்.

பழைய கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹால், பிரான்சில் பால் எரூ, ஒருவரை ஒருவர் அறியாமலேயே மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. நம் மேட்டூரிலும் ஏற்காடு, கொல்லிமலையில் கிடைத்த பாக்சைட்டை, அதாவது அலுமினியத் தாதுவை வைத்து ஒரு காலத்தில் அலுமினியம் எடுத்தார்கள்.

(காட்சி: முறுக்கு உரல், பக்கத்தில் அலுமினியத் துண்டின் குறுக்குவெட்டு)

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். உங்கள் ஜன்னல் சட்டம் எப்படிச் செய்யப்படுகிறது தெரியுமா? முறுக்குப் பிழிகிற மாதிரிதான்! உருளை வடிவ அலுமினியக் கட்டியை 450, 500 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். அது உருகாது, மாவு போல இளகும். பின்னால் இருந்து பெரும் அழுத்தம் கொடுத்தால், எஃகு அச்சு வழியாக நீள நீளமாக வெளியே வரும். கண்ணாடி ரப்பருக்கு ஒரு பள்ளம், கொசுவலைக்கு ஒரு ட்ராக், ஸ்க்ரூவுக்கு ஒரு இடம் என எல்லாமே ஒரே பிழியலில் வந்துவிடும். மரத்தில் ஆசாரி ஒவ்வொன்றாக இழைக்க வேண்டியதை இங்கே அச்சே செய்துவிடுகிறது.

இப்போது ஒரு கேள்வி. சட்டத்தின் நடுவே வெற்றிடம் இருக்கிறதே, அந்த ஓட்டை எப்படி வந்தது? நடுவில் ஒரு துண்டு நின்றால்தான் ஓட்டை விழும். அந்தரத்தில் அது எப்படி நிற்கும்? அதற்குக் கால்கள் கொடுத்து அச்சோடு பிணைத்திருக்கிறார்கள். இளகிய அலுமினியம் அந்தக் கால்களில் மோதி, பிரிந்து, கடந்துபோனதும் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. வெல்டிங் கிடையாது, பசை கிடையாது. எப்படி ஒட்டியது? அச்சுக்குள் காற்று இல்லை, அதனால் அந்தத் துருப்படலம் வர வழியில்லை. சுத்தமான உலோகமும் உலோகமும் சூட்டிலும் அழுத்தத்திலும் சேர்ந்து ஒன்றாகிவிடுகின்றன. வெளியே வந்த நொடியே படலம் வந்து போர்த்திக்கொள்கிறது. இதை முதல் தடவை படித்த அன்று வீட்டு ஜன்னலை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் சில மணி நேரம் மிதமான சூட்டில் அடுப்பில் வைப்பார்கள். அலுமினியத்தோடு கலந்திருக்கும், நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லாத மெக்னீசியமும் சிலிக்கானும் அப்போதுதான் வேலை செய்து சட்டத்தை உறுதியாக்கும். எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் பெரிய கண்ணாடிக் கதவைக்கூட ஒரு விரலால் தள்ளலாம்; சட்டம் ஒல்லியாக இருப்பதால் வெளிச்சமும் கூடும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் மரத்தை விட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. எந்நேரமும் ஏசி ஓடும் அறை என்றால், உள்பக்கச் சட்டத்துக்கும் வெளிப்பக்கச் சட்டத்துக்கும் நடுவே, சூட்டை எளிதில் கடத்தாத பாலியமைடு (நைலான் வகை பிளாஸ்டிக்) பட்டை வைத்த வகையைக் கேளுங்கள். ஆனால் நம் ஊர் வெயில் பெரும்பாலும் கண்ணாடி வழியாகத்தான் நுழைகிறது. என்னைக் கேட்டால் அந்தக் காசில் முதலில் நல்ல சன்ஷேடு போடுங்கள்.

பழைய சட்டத்துக்கும் விலை உண்டு. உருக்கி மறுபடி வார்க்க, புதிதாக எடுக்கும் மின்சக்தியில் 5 சதவீதம் அளவுதான் ஆகும்.

(காட்சி: பூச்சு வேலை நடக்கும் வீடு)

இந்த இடத்தில் தயவுசெய்து கவனியுங்கள். ஈரச் சிமெண்ட் காரத்தன்மை கொண்டது; அந்தப் படலத்தையே கரைத்துவிடும். பூச்சு வேலை முடிந்த பிறகே ஃப்ரேம் மாட்டச் சொல்லுங்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட்டும் படக்கூடாது. கடலோரம் என்றால் எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ மட்டும்தான். சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டால் உப்பு ஈரத்தில் அதைச் சுற்றி அரிப்பு தொடங்கிவிடும். பூச்சு இல்லாத வெறும் அலுமினியத்தில் உப்புக்காற்று புள்ளி புள்ளியாகக் குழி விழவைக்கும், அதனால் அனோடைஸிங்கோ, பெயிண்ட் பொடியைச் சூட்டில் ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங்கோ கட்டாயம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். விலை பேசும்போது சதுர அடி ரேட்டோடு நிற்காமல், செக்‌ஷன், அதாவது சட்டத்தின் அலுமினியத் தகடு, எத்தனை மில்லிமீட்டர் கனம் என்றும் கேளுங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் ட்ராக்கில், வெளிப்பக்கமாகச் சின்னத் துளைகள் இருக்கும். மழைத் தண்ணீர் வடிய வைத்தவை. ஈர்க்குச்சி விட்டு அடைப்பை எடுங்கள். துளையே இல்லை என்றால் கமெண்டில் எழுதுங்கள், எங்கே போட வேண்டும் என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.