வானத்திலிருந்து விழுந்த பிள்ளை: பிரைட்பர்ன் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது?

[திரையில்: இருட்டில் ஒரு பண்ணை வீடு. மாடியில் மட்டும் வெளிச்சம்.]

ஒரு கணவன், மனைவி. பல வருடமாகக் குழந்தைக்கு ஏங்குகிறார்கள். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில், ஊரைவிட்டுத் தள்ளி ஒரு பண்ணையில் குடியிருக்கிறார்கள். ஒரு நாள் ராத்திரி வானத்திலிருந்து ஏதோ வந்து தோட்டத்துப் பக்கம் விழுகிறது. உள்ளே ஒரு கைக்குழந்தை. எடுத்து வளர்க்கிறார்கள்.

இதுவரை கேட்டவுடனே இது சூப்பர்மேன் கதை என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். 2019-ல் வந்த பிரைட்பர்ன் படமும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் அந்தப் பையனுக்கு 12 வயது ஆகும்போது கதை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. இயக்கியவர் டேவிட் யாரோவெஸ்கி, எழுதியவர்கள் பிரையன் கன், மார்க் கன். தயாரித்தவர் ஜேம்ஸ் கன், பின்னால் 2025-ல் வந்த சூப்பர்மேன் படத்தையே இயக்கியவர். முடிவு உட்பட முழுக் கதையையும் பேசப் போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. சூப்பர்மேனைக் கெட்டவனாக யோசித்தது புதுசு ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் அவன் முதலில் பிறந்ததே கெட்டவனாகத்தான். கிளீவ்லாந்து நகரத்தில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு பையன்கள் 1933 ஜனவரியில் தாங்களே அச்சிட்ட ஒரு சின்னப் பத்திரிகையில் ஒரு கதை போட்டார்கள், சீகல் எழுத ஷூஸ்டர் படம் வரைந்தார். அதில் வரும் சூப்பர்மேன், பசிக்கு வரிசையில் நின்ற ஓர் ஏழை. ஒரு விஞ்ஞானி அவனுக்கு மருந்து கொடுத்துச் சோதனை செய்ய, அடுத்தவர் மனசைப் படிக்கிற, ஆட்டி வைக்கிற சக்தி வருகிறது. வந்ததும் உலகத்தையே பிடிக்கப் பார்க்கிறான். அப்புறம்தான் இருவரும் அவனை நல்லவனாக மாற்றி யோசித்தார்கள். 1938-ல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் இன்று நாம் அறிந்த சூப்பர்மேன் வந்தான்.

அந்த முதல் இதழில் அவனை எடுத்து வளர்க்கும் அப்பா அம்மா கிடையாது என்பதைக் கவனியுங்கள். அந்த வழியாகக் காரில் போன ஒருவர் குழந்தையைக் கண்டெடுத்து அனாதை ஆசிரமத்தில் விட்டுவிடுகிறார், அவ்வளவுதான். அவனை வளர்க்கும் கென்ட் தம்பதி வருவது அடுத்த வருடம், 1939-ல், சூப்பர்மேன் என்ற தனிப் புத்தகத்தில். உன் பலத்தை வெளியே காட்டாதே என்கிறார் அப்பா. நேரம் வரும்போது அதை மனிதர்களுக்கு உதவப் பயன்படுத்த வேண்டும் என்கிறார் அம்மா. இரண்டே வசனம், ஆனால் என்னைப் பொறுத்தவரை அந்த ஹீரோ உருவானது அங்கேதான். பறக்கிறதும் மலையைத் தூக்குகிறதும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அவ்வளவு பலம் உள்ள ஒருவன் ஏன் நம்மை நசுக்காமல் இருக்கிறான் என்ற கேள்விக்கு அந்தக் கதையிடம் இருந்த பதில் ஒன்றே ஒன்று: நல்ல வீட்டில் வளர்ந்தான்.

பிரைட்பர்ன் கை வைப்பது அந்தப் பதிலில்தான்.

[திரையில்: வகுப்பறை. ஒரு பையன் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.]

படத்தின் ஆரம்பத்திலேயே ஒரு வகுப்பறைக் காட்சி வரும், பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். தேனீக்கும் குளவிக்கும் என்ன வித்தியாசம் என்று டீச்சர் கேட்கிறார். வானத்திலிருந்து வந்த அந்தப் பையன், பிராண்டன், பதில் சொல்கிறான். சொல்லிவிட்டு நிறுத்தாமல் ஒரு குளவி வகையைப் பற்றிப் பேசுகிறான்: அதற்குச் சொந்தமாகக் கூடு கட்டத் தெரியாது, அதனால் வேறொரு குளவியின் கூட்டுக்குள் பலவந்தமாகப் புகுந்து தன் குஞ்சுகளை அவற்றையே வளர்க்க வைக்கும். அப்படி ஒரு குளவி உண்மையிலேயே இருக்கிறது. அவன் தன் கதையைத்தான் சொல்கிறான், அது அவனுக்கே இன்னும் தெரியாது.

எனக்கு அந்த இடத்தில் நம் ஊர்ப் பழமொழிதான் ஞாபகம் வந்தது, கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்களே. விடாமல் சொல்லிக்கொடுத்து வளர்த்தால் எந்தப் புழுவும் நம்மைப் போல் ஆகிவிடும் என்ற நம்பிக்கை அது. சூப்பர்மேன் கதையும் அதே நம்பிக்கைதான்: எங்கோ வேறு கிரகத்தில் பிறந்ததை எடுத்து வந்து, அன்பாகச் சொல்லிச் சொல்லி மனுஷனாக்கிவிட்டார்கள். ஆனால் குளவிக் கூட்டை உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் புழு குளவியாக மாறுவதில்லை. உள்ளே இருக்கும் குளவிக் குஞ்சுக்கு அது சாப்பாடு. பிரைட்பர்ன் சொல்வது இந்த இரண்டாவது கதை.

இத்தனைக்கும் பெற்றோர் பக்கம் பெரிய குறை எதையும் படம் வைக்கவில்லை. எலிசபெத் பேங்க்ஸ் நடித்த டோரி, டேவிட் டென்மன் நடித்த கைல் இருவருமே பாசமானவர்கள். பையனைக் கொட்டகைப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அங்கே நிலவறையில் அந்த விண்கலத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நீ தத்துப்பிள்ளை என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள், வானத்திலிருந்து வந்ததை மட்டும் மறைத்துவிட்டார்கள். எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பொய் இது.

அந்தப் புல்வெட்டி மெஷின் காட்சிக்கு வருகிறேன். பிராண்டன் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்க்கிறான், மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. எரிச்சலில் கொஞ்சம் வேகமாக இழுக்கிறான், மெஷினே பறந்து போய் எங்கோ தூரத்தில் விழுகிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் கவிழ்ந்து கிடக்கிறது, பிளேடு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவன் மெதுவாகத் தன் கையை அதற்குள் நீட்டுகிறான். பிளேடு உடைகிறது, கைக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த சூப்பர் ஹீரோ படத்திலும் தன் சக்தியைக் கண்டுபிடிக்கும் இந்தக் கட்டம் குஷியானதாக இருக்கும், இசை எழும்பும், நாமும் சேர்ந்து சிரிப்போம். இங்கே அதே கட்டம்தான், ஆனால் அந்தக் கை உள்ளே போகும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. பிராண்டனாக நடித்த ஜாக்சன் ஏ. டன் அந்த நேரத்தில் முகத்தில் பெரிதாக எதையும் காட்டவில்லை, அதுதான் சரியான நடிப்பு என்று நினைக்கிறேன்.

படம் முழுக்க இதே வேலைதான் நடக்கிறது. பறக்கும் சக்தி, ஜன்னலுக்கு வெளியே அந்தரத்தில் நின்று பார்க்கும் உருவமாகிறது. மின்னல் வேகம், இங்கே இருந்தவன் அங்கே இருக்கிறான் என்ற பேய்ப்பட உத்தியாகிறது. கண்ணிலிருந்து பாயும் நெருப்பு, இருட்டில் தெரியும் இரண்டு சிவப்புப் புள்ளிகளாகிறது. முதுகில் தொங்கும் துணி, குழந்தையாக அவனைச் சுற்றி வைத்திருந்த போர்வை.

1978-ல் இரண்டு அமெரிக்கப் படங்கள் வந்தன. அக்டோபரில் ஹாலோவீன், முகமூடி போட்ட கொலைகாரன் ஒவ்வொருவராகத் துரத்துவான், சுட்டாலும் எழுந்து போய்விடுவான், ஏன் சாகவில்லை என்பதற்குக் காரணமே கிடையாது. டிசம்பரில் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த சூப்பர்மேன், அவனையும் சுட்டால் சாகமாட்டான், அதற்குக் காரணம் உண்டு. முகமூடிக் கொலைகாரனின் கதைக்குள் சூப்பர்மேனின் உடம்பைப் போட்டுவிட்டது பிரைட்பர்ன். ஹோட்டலில் வேலை செய்யும் எரிகா, டோரியின் சகோதரியின் கணவர் நோவா என்று ஒருத்தர் பின் ஒருத்தராக அவனிடம் மாட்டும்போது நமக்கு ஒளிய இடமே தெரிவதில்லை, சுவரையே உடைத்துக்கொண்டு வருபவனிடம் கதவைத் தாழ்ப்பாள் போட்டு என்ன பயன்?

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்த விண்கலம் ராத்திரியில் சிவப்பாக மின்னி, அவன் தலைக்குள் ஏதோ ஒரு மொழியில் பேசுகிறது. உலகத்தை எடுத்துக்கொள் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதுவரை சாதுவாக இருந்த பையன் அதற்கப்புறம் மாறத் தொடங்குகிறான். எனக்கு இது பெரிய ஏமாற்றம். கெட்டவனாக ஆகும் வழியை அவன் தானாக நடந்து கடந்திருக்க வேண்டும், ஒரு சுவிட்சைப் போட்டதும் ஆகிவிட்டால் அங்கே தேர்வு என்பதே இல்லை.

இந்த இடத்தில் 2012-ல் ஜோஷ் டிராங்க் இயக்கிய கிரானிக்கிள் பல படி மேலே. சியாட்டில் பக்கத்தில் மூன்று பள்ளி மாணவர்கள், பூமிக்கு அடியில் ஏதோ ஒன்றைத் தொட்டு, தொடாமலே பொருள்களை நகர்த்தும் சக்தியைப் பெறுகிறார்கள். மூவருக்கும் ஒரே சக்தி, கெட்டுப் போவது ஆண்ட்ரூ ஒருவன்தான். வீட்டில் குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, படுக்கையில் சாகக் கிடக்கும் அம்மா, பள்ளியில் கேலி. அம்மாவுக்கு மருந்து வாங்கப் பணம் இல்லாமல் முகமூடி போட்டுக்கொண்டு திருடப் போகிறான். அந்தப் பையன் ஒரு சிலந்தியைக் கையால் தொடாமலே கால் காலாகப் பிய்த்துப் பார்க்கும் காட்சியில், அவன் எந்தப் பக்கம் போகிறான் என்று தெரிந்தும் அவன்மேல் கோபம் வரவில்லை எனக்கு, யாராவது ஒருவர் முன்னாடியே அவனிடம் உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்றுதான் இருந்தது. கிரானிக்கிள் பார்க்கும்போது, நல்ல வீடு அமைந்திருந்தால் இவன் பிழைத்திருப்பான் என்று நம்ப இடம் இருக்கிறது. பிரைட்பர்ன் அந்த இடத்தைக்கூட விட்டு வைக்கவில்லை. எழுத்தில் கிரானிக்கிள்தான் சிறந்தது, ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது பிரைட்பர்ன்.

[திரையில்: காடு. அப்பாவும் மகனும் நடந்து போகிறார்கள்.]

மகன்தான் கொலை செய்கிறான் என்ற உண்மை தெரிந்த பிறகு கைல் மகனை வேட்டைக்குக் கூட்டிப் போகிறார். பையன் முன்னால் போகிறான், அப்பா பின்னாலிருந்து அவன் தலையைக் குறி பார்க்கிறார். 12 வருடம் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. சுடுகிறார். குண்டு பட்டுத் தெறித்துப் போகிறது. பிராண்டன் திரும்பிப் பார்க்கிறான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று சொல்வோம், இங்கே கத்தியை முதலில் எடுத்தது வளர்த்தவர், அதற்குப் பிறகுதான் பாய்ச்சல். அந்த ஒரு நொடியில் யார் பக்கம் நிற்பது என்றே எனக்குத் தெரியவில்லை. கைலின் தலைக்கு நடப்பதை நான் விவரிக்கப் போவதில்லை.

கடைசியில் மிஞ்சுவது டோரி மட்டும். அந்தப் பையனின் தோலைக் கிழித்த பொருள் உலகத்தில் ஒன்றுதான், அவன் வந்த விண்கலத்தின் உலோகம். அதில் ஒரு துண்டை எடுத்து ஒளித்துக்கொள்கிறாள். மகன் முன்னால் வந்து நிற்கிறான். உனக்குள் நல்லது இருக்கிறது என்கிறாள், நல்லவனாக இருக்கத்தான் ஆசை என்கிறான் அவன். அணைத்துக்கொள்கிறாள். அவள் சொல்வதும் பொய் இல்லை, அவன் சொல்வதும் பொய் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. அணைத்தபடியே அந்தத் துண்டை ஓங்குகிறாள், அவன் அவள் கையைப் பிடித்துவிடுகிறான். அப்புறம் அம்மாவைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான், மேகத்துக்கு மேலே, நல்ல வெளிச்சத்துக்கு. மற்ற படங்களில் சூப்பர்மேன் தன் காதலியை முதன்முதலாக வானத்துக்குக் கூட்டிப் போவான் இல்லையா, கிட்டத்தட்ட அதே காட்சி.

அங்கே போனதும் கையை விட்டுவிடுகிறான்.