திருப்பத்தில் மட்டும் கேட்கும் சத்தம்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். பாளையங்கோட்டையில் 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கார் பட்டறை நடத்திவருகிறேன். நேராகப் போகும்போது அமைதியாக ஓடும் வண்டி, திருப்பும்போது மட்டும் முன்சக்கரத்துப் பக்கம் 'டக், டக், டக்' என்று தட்டுகிறதே, அந்தச் சத்தத்தைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் அது எப்போது வருகிறது என்று கவனிப்பதே முதல் வேலை.

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதி முனையில் திரும்புவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நேர் வீதியில் வடத்தின் இழுப்புக்கு இசைந்து வந்த தேரை, முனைக்கு வந்ததும் முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத்தான் திருப்ப முடிகிறது. ஏனென்றால் அதன் அச்சு வளைந்து கொடுப்பதில்லை. காருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அம்பாசிடர் காலத்தில் இழுவை பின்சக்கரத்தில் இருந்ததால், முன்சக்கரம் திரும்பினால் மட்டும் போதும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான், ஒரே சக்கரம் வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்ற நிலை நம் ஊர்ச் சாலைகளில் பரவலாயிற்று. அந்த இரட்டை வேலையைச் செய்வது, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சிலின் சக்கரப் பக்க நுனியில், வளைந்தபடியே சுழலும் மூட்டான சி.வி. ஜாயின்ட். ஒரு கிண்ணத்துக்குள் 6 எஃகு உருண்டைகள் 6 பள்ளங்களில் ஓடுவதாக அதை நினைத்துக்கொள்ளுங்கள். நேராகப் போகையில் உருண்டைகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கும்போது, பள்ளத்தின் நீளத்துக்கு முன்னும் பின்னும் ஓடும். பள்ளம் தேய்ந்து குழி விழுந்திருந்தால், ஓடுகிற ஒவ்வொரு உருண்டையும் அதில் விழுந்து எழும். திருப்பத்தில் நீங்கள் கேட்கும் 'டக், டக்' அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, ஸ்டியரிங் ராக்கையே புதுசா மாத்தியாச்சு, சத்தம் மட்டும் போகல" என்று, சக்கரங்களைத் திருப்பும் அந்தப் பாகத்தை மாற்றிய வேறு பட்டறையின் ரசீதுகளை என் மேசைமேல் வைத்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த ஓய்வூதியப் பணம் அது. நான் வண்டியின் அடியில் படுக்கவில்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு காலி மைதானத்துக்கு ஓட்டிப்போனேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுவதுமாக ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டமடித்தேன். ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்ததும் சத்தம் வந்தது. வேகம் கூடியபோது தட்டும் விரைவும் கூடியது. காலை எடுத்ததும் தணிந்தது. வலப்பக்கம் சுற்றியபோது ஏதும் இல்லை. வளைவுக்கு வெளிப்பக்கம் ஓடும் சக்கரத்தின் ஜாயின்ட்தான் பெரும்பாலும் இப்படிக் குரல் கொடுக்கும் என்றாலும், அதையே முடிவாகக் கொள்ளாமல் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பட்டறைக்குத் திரும்பி வலது சக்கரத்தைக் கழற்றினால், ரிம்மின் உட்புறமெங்கும் கறுப்புக் கிரீஸ் சிதறி அப்பியிருந்தது. ஜாயின்டை மூடும் ரப்பர் உறை, அதாவது பூட், மடிப்போரம் கிழிந்திருந்தது. சத்தம் எப்போது வருகிறது என்று அதற்குமுன் ஒருவரும் அவரைக் கேட்டிருக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அந்த ரப்பர் பூட்டைப் பற்றி நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. அது கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலும் மழைத்தண்ணீரும் உள்ளே போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது சேற்றுநீரில் நின்ற வண்டிகள் பல, எஞ்சின் சரியாகி ஓடத் தொடங்கிச் சில மாதங்கள் கழித்து இந்தச் சத்தத்தோடு என்னிடம் வந்தன. சத்தம் வருமுன் கிழிசலைக் கண்டால், ஜாயின்டைக் கழுவி, உருண்டைகளையும் பள்ளங்களையும் பார்த்து, அதற்குரிய மாலிப்டினம் கிரீஸ் நிரப்பிப் புது பூட்டும் கிளிப்புகளும் போட்டால் போதும். சத்தம் வந்துவிட்ட பிறகு பூட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. அப்போது ஜாயின்டையோ ஆக்சிலையோதான் மாற்ற வேண்டும். ஆகவே டயர் மாற்றும்போதெல்லாம் அந்தப் பூட்டைக் கையால் தடவிப் பாருங்கள்.

எப்போது வருகிறது என்ற கேள்விக்கே மீண்டும் வருகிறேன். நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலே 'டங்' என்று ஸ்பிரிங் துள்ளினால், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டி உடலோடு பிடிக்கும் மவுண்டையும் அதன் பேரிங்கையும் பாருங்கள். திருப்பத்தில் பள்ளமோ வேகத்தடையோ சேர்ந்து வரும்போது 'லொட லொட' என்றால், வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் லிங்க் ராட், அல்லது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடிந்துவிடும். அந்தச் சந்தேகம் இருக்கும் வண்டியை மாஞ்சோலை மலைப்பாதைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வீல் பேரிங்கின் முனகலைத் தனியே விளக்க எண்ணியிருந்தேன். நேரம் முடியப்போவதாகக் கைகாட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்தச் சத்தமானாலும், எதையும் கழற்றுமுன் முதலில் சக்கரத்தின் நட்டுகளைப் பாருங்கள். தளர்ந்த நட்டும் இப்படித் தட்டும். எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், 50 கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள். வணக்கம்.