மலாயா போன பூட்டனைத் தேடி

சபையோருக்கு வணக்கம். இங்கே இருக்கிற பலருடைய வீட்டில், மலாயாவில் வேலை செய்து ஓய்வுபெற்றவருக்கு வந்த ‘மலாயாப் பென்சன்’ என்ற சொல் புழங்கியிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ரயில்பாதை போட்டபோது, ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் கிளாக்கராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் கப்பல் ஏறினார்கள். சிலர் திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். சிலருடைய பெயர் மட்டும்தான் மிச்சம். அப்படிப்பட்டவர்களைப் பழைய பத்திரிகைகளில் எப்படித் தேடுவது என்று சொல்லத்தான் வந்தேன்.

அந்தப் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர்தான் முதலெழுத்து. அதனால் தகப்பனும் மகனும் பத்திரிகையில் யாரோ இரண்டு பேர் போலத் தெரிவார்கள். கந்தையாவையே ஆங்கிலத்தில் ஒருவர் ‘கே’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘சி’ போட்டு எழுதுவார். ஊர்ப் பெயரும் அப்படித்தான். அமெரிக்க மிஷன்காரருக்கு வட்டுக்கோட்டை ‘பட்டிக்கோட்டா’.

பத்திரிகைகளுக்குக் குறைவில்லை. உதயதாரகை 1841இல் வந்தது, இந்து சாதனமும் ஆங்கில இந்து ஓர்கனும் 1889இல், ஈழகேசரி 1930இல். ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் பழைய இதழ்கள் பலவற்றைப் பார்க்கலாம். சிங்கப்பூர்ப் பத்திரிகைகளை அங்கத்தைய தேசிய நூலகத்தின் தளத்தில் சொல் போட்டே தேடலாம். 1981இல் நம் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நினைத்தால் இதெல்லாம் சின்ன ஆறுதல்தான். ஆனாலும் ஆறுதல்.

சரி, எங்கே பார்ப்பது? எல்லோரும் மரண அறிவித்தலுக்குத்தான் ஓடுவார்கள். நான் சொல்வது, இந்து ஓர்கனில் பொடி எழுத்தில் வரும் யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்ற அறிவித்தல். இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க யாராவது மனுப் போட்டால், இறந்தவர் எந்த ஊர், மனுதாரர் யார், எதிர்மனுதாரர்கள் யார் யார் என்று வரிசையாகப் போடுவார்கள். எதிர்மனுதாரர் என்றதும் குடும்பச் சண்டை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அவர்கள் சொத்தில் உரிமையுள்ள மற்ற உரித்தாளிகள்தான். சட்டப்படி வயதுவராத பிள்ளை (மைனர்) என்றால் காவலரின் பெயரும் வரும். வேறெங்கும் ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும் வருகிற பெண்கள் இங்கேதான் சொந்தப் பெயரோடு நிற்கிறார்கள்.

என் பூட்டன் கோலாலம்பூரில் செத்தவர். அவருக்கு மூன்று பிள்ளைகள் என்றுதான் அம்மம்மா சொல்லுவா. அறிவித்தலில் எதிர்மனுதாரர் நான்கு பேர். நான்காவது, வயதுவராத ஒரு பெண்பிள்ளை. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதேயில்லை. அம்மம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கனநேரம் பேசாமல் இருந்தா. அப்புறம், “அது என்ர தங்கச்சி. காய்ச்சலிலை செத்துப் போச்சுது” என்றா.